பிரவுனிங் வாங்கியவர்கள் சொன்னது

சாயர்புரம் வரலாற்றில் துப்பாக்கிக்குப் பெரிய இடம் கிடையாது. சாயர் என்ற வியாபாரி 1814-ல் நிலம் வாங்கிக் கொடுத்து எழுந்த ஊர். 1840களில் ஜி.யு. போப் வந்து செமினரி நடத்தினார். திருக்குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே போப்தான். பிற்பாடு ஊட்டியில் பள்ளிக்கூடம் வைத்தபோது பிரம்புக்குப் பேர்போனவராக இருந்தார். குறி தப்பாது, எண்ணெய் போட வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம் என்று பார்த்தால் இந்த வட்டாரத்தோடு சம்பந்தமுள்ள ஆயுதங்களில் அந்தப் பிரம்புக்கே முதல் மார்க் கொடுக்கலாம்.

இரண்டாவது மார்க் யாருக்கு என்று கேட்டால், கொஞ்சம் வடக்கே மணியாச்சிக்குப் போக வேண்டும்.

1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், காலை ஒன்பதரை மணி வண்டியில் மனைவி மேரியோடு கிளம்புகிறார். பிள்ளைகள் நான்கு பேரும் கொடைக்கானலில். 10.38-க்கு வண்டி மணியாச்சிக்கு வந்து நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வர வேண்டியது 10.48-க்கு. நடுவே இருக்கிற பத்து நிமிஷத்தில்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறுகிறார். கையில் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிப் பிஸ்டல். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, குண்டு ஆஷின் மார்பில் பாய்ந்தது.

வெடிச் சத்தம் பிளாட்பாரத்தில் பலருக்குக் கேட்கவே இல்லை. பிரவுனிங் கம்பெனி அதைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அது ஆனி மாதக் காற்றின் கைங்கரியம். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி, தேரிமணலை வாரிக்கொண்டு வருகிற காற்று அது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் வாசலில் நின்று கூப்பிட்டால் திண்ணையில் இருப்பவருக்குக் கேட்காது. இன்று சைலன்சர் என்று தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் அன்று அது இலவசம்.

இந்தப் பிஸ்டலைச் செய்தவருக்கு மணியாச்சி எந்தத் திசை என்றே தெரிந்திருக்காது. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து ஆக்டன் ஊர்க்காரர் ஜான் மோசஸ் பிரவுனிங். அப்பாவும் துப்பாக்கி செய்தவர். மகன் வரைந்த பிஸ்டலை பெல்ஜியத்தில் லியேஜ் பக்கம் ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். ஆலை எடுத்துச் செய்தது. 1900-ல் வந்த மாடல் 625 கிராம். காந்தல் மிளகாய்ப் பொட்டலம் மாதிரி வேட்டி மடிப்பில் போகும். மேகசினில் ஏழு தோட்டா. ஒன்று வெடித்தால் அந்த உதையிலேயே மேல் ஸ்லைடு பின்னுக்குப் போகும், காலிக் கூட்டை வெளியே தள்ளும், ஸ்பிரிங் திரும்ப இழுக்கும்போது அடுத்த தோட்டாவை அறைக்குள் செருகும். சுடுகிறவர் செய்ய வேண்டியது விசையை மறுபடி அழுத்துவது மட்டும். குழலுக்கு மேலே படுத்திருக்கும் ஒரே ஸ்பிரிங், ஸ்லைடை இழுக்கும் வேலையையும் ஊசியை அடிக்கும் வேலையையும் சேர்த்துப் பார்த்தது. ஒரே ஆளை வைத்து இரண்டு சம்பள வேலை வாங்கும் கலை பெல்ஜியத்திலும் இருந்திருக்கிறது.

ஏழு லட்சம் போல விற்றது என்கிறார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் செத்துப்போன யோக்கியர்கள். அவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. மிச்சப்பேர் சிலரின் அனுபவம்தான் பேச்சு.

ஹெல்சின்கியில் 1904 ஜூன் 16-ல் யூஜென் ஷாவ்மன் என்ற குமாஸ்தா, ரஷ்யக் கவர்னர் ஜெனரல் பாப்ரிகோவை மாடிப்படியில் வைத்து மூன்று முறை சுட்டார். இரண்டு குண்டுகள் சட்டையில் குத்தியிருந்த பதக்கங்களில் பட்டுத் தெறித்துப் போயின. அரசாங்க மெடலால் ஒருவருக்குக் கிடைத்த உருப்படியான பலன் சரித்திரத்தில் இதுவாகத்தான் இருக்கும். மூன்றாவது குண்டு பெல்ட் பக்கிளில் பட்டு வயிற்றைக் கிழித்தது. பாப்ரிகோவ் உயிர் போனது விடிந்தால் ஜூன் 17 என்கிற இரவில். ஏழு வருஷம் கழித்து மணியாச்சிக்கும் அதே தேதி. ஜோசியக்காரர்கள் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

1909 அக்டோபர் 26-ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் கொரியாக்காரர் ஆன் ஜுங்குன், ஜப்பானியத் தலைவர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்டார். மூன்று குண்டு இத்தோவுக்கு. ஆனால் சுட்டவருக்கு ஒரு சந்தேகம்: இவர்தானா அவர்? முகம் சரியாகத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் வந்த அதிகாரிகளுக்கும் ஆளுக்கொன்று பகிர்ந்துகொடுத்தார். பிஸ்டல் ஒரு இடத்திலும் சிக்கவில்லை. சிக்கியது அடையாளம் காட்டுகிற விவகாரம்.

அதே வருஷம் லண்டனிலிருந்து சாவர்க்கர் இருபது பிரவுனிங்குகளைப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் வைத்து இந்தியாவுக்கு அனுப்பினார். கொண்டுவந்தவர் அங்கே இந்திய மாணவர்கள் தங்கிய இந்தியா ஹவுஸின் சமையல்காரர் சதுர்புஜ் அமீன். சமையல்காரர் பெட்டியில் மசாலாவும் ஊறுகாயும்தான் இருக்கும் என்று சுங்கத்தார் நினைத்திருக்க வேண்டும். அதில் ஒன்று 1909 டிசம்பர் 21-ல் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் மீது வெடித்தது. வாஞ்சியின் கைக்கு வந்தது எந்த வழியாக வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. இந்தியா ஹவுஸில் இருந்த வ.வே.சு. ஐயர் 1910-ல் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்துசேர்ந்தார் என்பதும், கரடிக்குப்பத்தில் இளைஞர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார் என்பதும் எல்லாக் கதைக்கும் பொது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி ஒருவகையில் அதற்குப் பொருத்தமான ஊரும்கூட. அந்த 1900 மாடலில் பாதுகாப்புத் தாழுக்குப் பக்கத்தில் ‘சுடும்’, ‘சுடாது’ என்பது பிரெஞ்சில்தான் பொறித்திருக்கும். இங்கிலீஷ் மட்டும் படித்த திருநெல்வேலி மெட்ரிகுலேஷன்காரர் தாழை எந்தப் பக்கம் தள்ளுவது என்று யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இவ்வளவையும் அடுக்கிப் பார்த்தால் ஒன்று புரிகிறது. பிஸ்டல் ‘ஜாம்’ ஆகிறதா என்பதைத்தான் இவர்கள் எல்லோரும் சோதித்தார்கள். குறி பார்க்குமா என்பதை ஒருவரும் சோதிக்கவில்லை. மாடிப்படி, ரயில்வே பிளாட்பாரம், முதல் வகுப்புப் பெட்டி என்று எல்லாமே கைக்கெட்டும் தூரம். அரைச் சாண் நீளக் குழலை வைத்துக்கொண்டு பனைமரத்து உச்சி நுங்கை அடித்ததாக எங்கள் பக்கத்து மேடைப் பேச்சாளர்கள் சொல்வதுண்டு. அடித்திருந்தால் அது அடுத்த மரத்து நுங்காக இருக்கும்.

மணியாச்சியில் கடைசிவரை கெடாமல் வேலை செய்தது பிஸ்டல் ஒன்றுதான். கூட வந்தவர் ஓடிவிட்டார். தப்பிக்கும் ஏற்பாடு என்று எதுவும் இருந்த மாதிரி இல்லை. பிளாட்பாரக் கக்கூஸுக்குள் புகுந்த வாஞ்சி, வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். சட்டைப்பையில் இருந்த கடிதத்தை வைத்துக்கொண்டு இன்றுவரை இரண்டு கட்சியாகச் சண்டை நடக்கிறது. தேசபக்தியா, சனாதனமா என்று. கடிதத்தில் இரண்டும் இருக்கிறது, சண்டைக்காரர்களுக்குப் பாதிப் பாதி போதும். வழக்கில் பதினான்கு பேர் கூண்டில் நின்றார்கள், அவர்களில் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். கூட வந்தவராகச் சொல்லப்பட்ட ஒட்டப்பிடாரம் மாடசாமியைப் போலீஸ் தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. பிறகு சுதந்திரம் வந்துவிட்டது. ரயில் நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். தூத்துக்குடியில் ஆஷுக்கு மண்டபம். யாருக்கும் மனவருத்தம் வரக்கூடாது என்பதில் எங்கள் மாவட்டம் கவனமானது.

ரிவால்வர்க்காரர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். ரிவால்வரில் ஸ்லைடும் இல்லை, சிக்கவும் செய்யாது, அதுதான் நம்பகம் என்பார்கள். அவர்களுக்கு 1967 ஜனவரி 12, ராமாபுரம் தோட்டம். எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். அடுத்தடுத்த நாற்காலி தூரம். இருவரும் பிழைத்தார்கள். ஒருவர் கழுத்துக் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார், இன்னொருவர் சிறைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி நாடகம் போட்டார். துப்பாக்கியின் தரம் பற்றி இதற்கு மேல் சான்றிதழ் வேண்டியதில்லை.

பிரவுனிங் 1899-ல் வகுத்த 7.65 மில்லிமீட்டர் தோட்டாவைத்தான், பாயிண்ட் 32 என்ற பெயரில், இன்றைக்கும் லைசென்ஸ் வைத்திருக்கும் நம்மூர்க்காரர்கள் தங்கள் பிஸ்டலில் போடுகிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் அந்தப் பிஸ்டலுக்கு முதல் எதிரி திருடன் இல்லை, உப்புக்காற்று. உப்பளத்தைத் தாண்டி வருகிற ஈரம் ஒரு மழைக்காலத்துக்குள் ஸ்லைடில் செம்புள்ளி வைத்துவிடும். இரண்டாவது எதிரி அதற்குப் பயந்து தடவுகிற தேங்காயெண்ணெய். நாளானால் பிசுக்கு ஏறி, ஸ்லைடு பாதி வழியில் நின்று யோசிக்கும். மூன்றாவது, மேகசினை வருஷக்கணக்கில் நிரப்பியே வைத்திருப்பது. பழந்தோட்டா மருந்து வலுவிழந்தால் ஸ்லைடைத் தள்ளும் உதையும் குறைந்துபோகும். நான்காவது எதிரி தேர்தல். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். உள்ளாட்சி, சட்டமன்றம், பாராளுமன்றம் என்று மாறி மாறி வந்தால் பிஸ்டல் வீட்டில் இருப்பதைவிட ஸ்டேஷனில்தான் அதிக நாள் குடியிருக்கும்.

இப்படி ஒரு லைசென்ஸ்காரரிடம், வாழைத்தோட்டக்காரர், கேட்டேன்: “அண்ணாச்சி, குறி சரியா இருக்குமா?”

“குறியா? அது எதுக்குடே? தோட்டத்துல பன்னி வந்தா வானத்தப் பாத்து ஒண்ணு போடுவேன். பன்னி ஓடிரும்.”

“ஆனியில?”

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். “ஆனியில நாய அவுத்து விட்டுருவேன்.”