ஜாக்கி தூக்கும், தாங்காது!

கேள்வி: என் கார் மிகத் தாழ்வானது. அடியில் ஜாக்கியே நுழையவில்லை. வீட்டில் ஆயில் மாற்ற எப்படித் தூக்குவது?

பதில்: ஜாக்கி நுழையாத இடத்தில் நீங்கள் நுழைய ஆசைப்படுகிறீர்கள், பாதுகாப்பை முதலில் அனுப்புங்கள்!

சமமான சிமெண்ட் தரையில், 2 அங்குல கனமுள்ள அகலமான மரப்பலகைகள் இரண்டின் மேல் முன்சக்கரங்களை மெதுவாக ஏற்றுங்கள். தாழ்வான டிராலி ஜாக்கி நுழைய அந்த உயரமே பெரும்பாலும் போதும். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கும்போது இன்னும் கவனம் தேவை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். அவை அந்தரத்தில் இருந்தால் அது காரை நிறுத்தாது.

கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கியை வையுங்கள். ஆயில் தொட்டியில் வைத்தால் அது நசுங்கும். வண்டி உயர்ந்ததும், எடைக்கேற்ற ஜாக் ஸ்டாண்டுகளை இருபுறமும் நிறுத்தி, பாரத்தை அவற்றின் மேல் இறக்குங்கள். ஜாக்கியின் சீல் கசிந்தால் கார் இறங்கிவிடும். ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்கும் செங்கலும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே.

கடைசியாக, காரைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி தூக்குங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் அடியில் போகவே போகாதீர்கள்.