ஜெர்மன் கிட்டில் செம்பூர் ஸ்டேஷன்

கேள்வி: செம்பூர் ரயில் நிலையத்தை மாடலாகச் செய்ய ஆசை. வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட்டை வெட்டி ஒட்டினால் அது சொந்த வேலை ஆகுமா? (வாசகர், செம்பூர்)

பதில்: தாராளமாக ஆகும், எதை எடுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். ஃபாலர் என்ற ஜெர்மன் நிறுவனக் கிட்டின் செங்குத்தான கூரை பனி வழுக்கி விழுவதற்கானது. செம்பூரில் வழுக்குவது மழையில் நடக்கும் நாம்தான்! ஆகவே கூரையை விட்டுவிட்டு ஜன்னல், ஏணி, கைப்பிடிக் கம்பிகளை மட்டும் எடுங்கள். அந்த நுணுக்கம் கத்திக்கு எளிதில் வராது. நடைமேடைக் கூரையையும் நடைமேம்பாலத்தையும் ஸ்டைரீன் தகட்டில் நீங்களே கட்டுங்கள். செம்பூரின் முகமே அவைதான்.

அளவு தப்பாதா என்பார்கள். 12 பெட்டி லோக்கல் ஏறத்தாழ 250 மீட்டர். 1:87 அளவில் நடைமேடை 3 மீட்டரைத் தொட்டு, ஹாலைத் தாண்டிப் பக்கத்து ஃபிளாட்டுக்குள் போய்விடும். தயங்காமல் பாதியாக்குங்கள். உயரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்: 2 மீட்டர் கதவு 23 மில்லிமீட்டர்தான். நீளம் குறைந்தால் கண் மன்னிக்கும். கதவில் தலை இடிக்கும் பயணியை மன்னிக்காது. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர்; கணக்குப்படி 19.3 வரவேண்டும், கடைத் தண்டவாளமோ 16.5. பக்கவாட்டில் பார்க்கையில் அந்த வித்தியாசம் தெரியாது. மஞ்சள் பெயர்ப்பலகை தெரியும். அதற்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்குங்கள்.