நாலு சேர்ந்தால் பசு

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் அத்திப்பட்டில் 'போய் விளையாடு' என்று எந்தப் பெரியவரும் சொல்லிக் கேட்டதில்லை. 'ஆடினது போதும், வீட்டுக்கு வா' என்றுதான் சொல்வார்கள். விளையாட்டு பிள்ளையைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்று என் பேத்திக்கு ஐந்து வயது நடக்கிறது. விளையாடாவிட்டால் அறிவு வளராது என்று வீடே கவலைப்படுகிறது. அன்று தடுத்தார்கள், ஆட்டம் தானாக நடந்தது. இன்று கெஞ்சுகிறோம், நடப்பதில்லை.

நான் சொல்வது 1970களின் கடைசி. எங்கள் ஊரை ஒட்டிய வட சென்னை அனல்மின் நிலையம் 1994இல்தான் ஓடத் தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது. அதற்கு முன் எங்களுக்கு இருந்தவை உப்பளம், பனைமரங்கள், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம், கும்மிடிப்பூண்டிக்குப் போகிற ரயில். கோடையில் நுங்கு தின்று முடித்த கூந்தலில் இரண்டை ஒரு குச்சியால் கோத்து, நுனி கவைத்த நீளக் கழியால் தள்ளினால் வண்டி. இரண்டு கூந்தலும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். ஏன் இழுக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பத்துக் கூந்தலைப் புரட்டி, கையில் எடை பார்த்து, ஜோடி சேர்க்க நாங்களே கற்றுக்கொண்டோம்.

எங்கள் கூட்டத்தில் மூன்று வயதும் உண்டு, பதின்மூன்று வயதும் உண்டு. சின்னதுகளை விரட்ட மாட்டோம். 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். அவர்கள் ஓடலாம், தொடலாம், கத்தலாம், ஆனால் அவுட் கிடையாது. ஒரு வருஷம் அப்படி உள்ளே நின்று பார்த்த பிள்ளைக்கு ஆட்டத்தின் சட்டமெல்லாம் மனப்பாடமாகியிருக்கும். பிறகு ஒரு நாள் அதுவே, 'நான் ஒப்புக்கு இல்ல, நெஜமாவே ஆடறேன்' என்று வந்து நிற்கும். அன்று அதற்கு வருகிற பெருமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தைச் சொர்க்கமாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் நொண்டியாடிய பாதி நாள் இடுப்பில் தம்பி இருந்தான். அம்மா உப்பளத்துக்குப் போனால் அவன் என் பொறுப்பு. பெண் பிள்ளைகளின் ஆட்டம் எப்போதும் பாதியில் நிற்கும். தண்ணீர் எடுக்கணும், அடுப்பு பார்க்கணும். வயிற்றுப்போக்கில் போன பிள்ளைகளும் உண்டு, குளத்தில் போன பிள்ளைகளும் உண்டு.

ஆனால் எங்களுக்கு ஆயா இருந்தாள். பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எழுத்துத் தெரியாதவள். மழை நாளில் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைப்பாள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். காலியான குழியில் மறுபடி சேர்ந்து சேர்ந்து நாலாகிவிட்டால் அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவர் எடுத்துக்கொள்ளலாம். நாலு வந்ததைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த சுற்றில் ஐந்தாகிப் பசு போய்விடும். அதனால் ஒன்று இரண்டு என்று எண்ணாமலே, பார்த்தவுடன் நாலை நாலென்று கண்டுகொள்ளும் கண் எங்களுக்கு வந்தது. ஆயா விட்டுக்கொடுத்து ஆட மாட்டாள். ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பாள்: 'இதை அள்ளுனா எங்க போய் முடியும், சொல்லு?' நான் சொல்லும் வரை காத்திருப்பாள். தப்பாகச் சொன்னால் திருத்த மாட்டாள். 'போட்டுப் பாரு' என்பாள். கையில் பாக்கு, முகத்தில் அவசரமே இல்லை. எனக்குக் கணக்கு பயமில்லாமல் போனது அங்கேதான்.

இப்போது எங்கள் தெருமுனையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் நிற்காமல் ஓடுகின்றன. காலையில் துடைத்த ஜன்னல் திட்டில் மாலைக்குள் கரித்தூசி. பிள்ளையைத் தனியே வெளியே விட எந்தத் தாய்க்கும் துணிச்சல் வராது. வரக் கூடாது என்றே நானும் நினைக்கிறேன். மகன் ஒப்பந்த வேலை, மருமகள் கிடங்கில் ஷிஃப்ட். பேத்திக்கு ஒரு பெட்டி நிறையப் பொம்மை இருக்கிறது. பட்டனை அமுக்கினால் ஆங்கிலத்தில் எழுத்துச் சொல்லும் பலகை, தானே பாடும் ரயில். இவையெல்லாம் தாமே பேசி முடித்துவிடுவதால் அவள் பேச மிச்சம் ஒன்றும் இல்லை. நாலு நாளில் அலுத்துப்போய் போனைக் கேட்கிறாள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நாலு வயதுப் பிள்ளை நாளைக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து ஆட வேண்டும். திரை 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் நல்லது. எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாக இருந்தது.

பக்கத்து ஊரில் ஒரு விளையாட்டுப் பள்ளியைப் பார்க்கப் போனோம். தட்டில் பச்சைப்பயறும் மொச்சையும் கலந்து வைத்து, பிள்ளைகள் பிரித்தெடுக்கிறார்கள். குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நல்ல வேலைதான். 1939இல் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது ஊற்றுவது, பெருக்குவது, பித்தான் போடுவது எல்லாம் அதில் இருந்தன. அன்றாடக் காரியங்களில்தான் பிள்ளையின் கையும் கவனமும் சேர்ந்து வளர்கின்றன என்று அவர் கண்டிருந்தார். அந்தத் தட்டில் இருந்தது எங்கள் அம்மா எங்களைத் திட்டித் திட்டிப் பிரிக்கவைத்த அதே பயறு. நாங்கள் அதை வேலை என்று வெறுத்தோம். இன்று கட்டணம் கட்டி, பாடம் என்று அனுப்புகிறோம். அதே நேரம் வீட்டில் பயறு புடைக்க உட்கார்ந்தால், 'கீழே கொட்டிடுவே, போ அந்தப் பக்கம்' என்று பிள்ளையை விரட்டுகிறோம்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளும் ஒரு ஆய்வு உண்டு. 1986-87இல் ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில், ஏழ்மையால் வளர்ச்சி குன்றிய 129 சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் போனார். கொண்டுபோனது வீட்டுப் பொருட்களிலேயே செய்த பொம்மைகள். பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார், அவ்வளவுதான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றப் பிள்ளைகளைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2014இல் 'சயின்ஸ்' இதழில் இது வந்தது. அந்தப் பணியாளர் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்ததை எங்கள் ஆயா யாரிடமும் கற்காமல் செய்தாள்: கேட்டாள், பதிலுக்குக் காத்திருந்தாள்.

இதை மருமகளிடம் சொன்னபோது, 'எனக்கு நேரம் எங்க அத்தை?' என்றாள். நியாயமான கேள்வி. எட்டு மணிக்கு வருகிறவளிடம் விளையாட்டுக்கென்று தனியே ஒரு மணி நேரம் கேட்பது கொடுமை. அதனால் இருக்கிற நேரத்திலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொண்டோம். அரிசி அளக்கிற ஆழாக்கு பேத்தியின் கையில். எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்கு என்று அவள்தான் தேடித் தர வேண்டும். துவைத்த துணியில் அப்பாவுடையது எது, ஆயாவுடையது எது என்று அவள் பிரிக்கிறாள். அரிசி கொட்டத்தான் செய்கிறது. மருமகள் இப்போது திட்டுவதில்லை. 'எவ்ளோ கொட்டுச்சு, ஒரு கை இருக்குமா?' என்று கேட்கிறாள்.

எங்கள் வரிசை வீடுகளில் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் மகனுக்கு மூன்று வயது. ஒற்றை அறை வீடு, பொம்மை ஒன்றுகூட இல்லை. எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி அவன் கோபுரம் கட்ட, தாய் ரொட்டி தேய்த்தபடியே அவனோடு பேசிக்கொண்டிருப்பாள். ஊரில் பலரும் அந்தப் பிள்ளைக்காகப் பரிதாபப்படுகிறார்கள். எனக்கு அவனைப் பற்றிக் கவலையே இல்லை.

அங்கன்வாடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர். பாட்டு, கதை, ஆட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்று வயது முடிந்ததும் அங்கிருந்து பிள்ளையை எடுத்து, எழுதச் சொல்லிக் கொடுக்கும் இடமாகத் தேடி ஓடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பென்சில் பிடிக்கும் வலு விரலுக்கு மண் பிசைந்தும் கல் பொறுக்கியும்தான் வர வேண்டும்.

போன மாதம் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினேன். பேத்தி முதலில் கொட்டைகளை வைத்துச் சோறு சமைத்தாள், விட்டேன். பிறகு ஆட்டம் பிடிபட்டது. ஒரு நாள், 'நாலு வேணாம், அஞ்சு சேந்தாதான் பசு' என்றாள். சரி என்றேன். குழிக்கு ஐந்தாகப் போட்டு முடித்ததும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆயா, ஆடறதுக்கு முன்னாடியே எல்லாமே பசு ஆயிடுச்சு!' உடனே சட்டத்தை ஆறு என்று மாற்றினாள். முதல் குழியை அள்ளி அடுத்த ஐந்து குழியில் போட்டாள். ஐந்தும் அவள் பக்கத்துக் குழி, ஐந்திலும் ஆறு. ஒரே கையில் முப்பது கொட்டை. குதித்தாள். 'அடுத்த ஆட்டம் நான் மொதல்ல அள்றேன்' என்றேன். கொட்டைகளைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

'ஏழுன்னு வெச்சிக்கலாம் ஆயா' என்றாள்.