முழுக்கையார்

பெரியபுராணம் அறுபத்து மூவரோடு கணக்கை முடித்துக்கொண்டது கொஞ்சம் அவசரம் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். தாம்பரம் அவருக்குப் பக்கத்து ஊர். அந்தக் காலத்தில் மின்சார ரயில் மட்டும் ஓடியிருந்தால், மே மாதத்துக் காலை எட்டே காலுக்குத் தாம்பரம் பிளாட்பாரத்தில் நிற்கிற ஒருவரைப் பார்த்துவிட்டு, கட்டி வைத்த சுவடியை மறுபடி அவிழ்த்திருப்பார்.

அவரை நான் முழுக்கையார் என்று அழைக்கிறேன். சென்னையில் அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் இப்படி ஒருவர் இருப்பார். பெரிய அலுவலகமென்றால் மூன்று பேர் இருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் தெருக்காரரும்கூட.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால் ஊரில் மனிதர்கள் உருகி வேறு வேறு வடிவம் எடுப்பார்கள். முழுக்கையார் அதே வடிவத்தில் இருப்பார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான், பெல்ட் தெரிய 'இன்' பண்ணிய பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. ஒரு சட்டை கசங்காமல் தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அதற்குத் துணையாக ஒரு ஆள் கூடப் போகிறார் என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும்.

தாம்பரத்தில் உட்கார இடம் கிடைக்கும். உட்கார மாட்டார். சாய்ந்தால் முதுகு கசங்கும், சாயாமல் உட்கார்ந்தால் வயிற்றுப் பக்கம் மடியும். ஆகவே நிற்பார், அதுவும் இடப்பக்கமாக. கடற்கரை நோக்கிப் போகையில் காலை வெயில் வலப்பக்கம் விழும். சாயங்காலம் ரயிலும் திரும்பி, சூரியனும் மேற்கே போய்விடுவதால், வரும்போதும் வெயில் வலப்பக்கமே விழும். ஆக இருவேளையும் இடப்பக்கம்தான் நிழல். இந்தத் தடத்தில் 1931இல் மின்சார ரயில் விட்டதிலிருந்து எவ்வளவோ பேர் போய்வந்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தது தாம் ஒருவரே என்பது அவர் நம்பிக்கை. எனக்குச் சொல்லும்போதுகூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

இரண்டு கைக்குட்டை வைத்திருப்பார். ஒன்று முகத்துக்கு. மற்றது கழுத்துக்கும் காலருக்கும் நடுவே, மெத்தைக்கு உறை போட்ட மாதிரி. மாம்பலத்தில் கூட்டம் மோதும்போது இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்துக்கொண்டு, கைக்குழந்தையைக் காப்பவர்போல் சட்டையைக் காப்பார். நுங்கம்பாக்கத்தில் இறங்கியதும் கழுத்துக் கைக்குட்டை நீங்கும். அது பிழியத் தகுந்த நிலையில் இருக்கும், காலர் அல்ல.

துணி சாஸ்திரத்தில் அவரை யாரும் வெல்ல முடியாது. ஒருநாள் மதியம் எனக்கு முழு உபதேசமும் கிடைத்தது. பருத்தி வியர்வையைக் குடிக்கும்; குடித்தபின் குடித்தவர்கள் மாதிரியே நிலைகுலையும். பாலியஸ்டர் கலந்தது நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஒரு சொட்டும் குடிக்காது. வியர்வை உள்ளே தனியாக ஓடிக்கொண்டிருக்கும். சுகமா, விறைப்பா என்றால் விறைப்பே. நிறத்திலும் சூட்சுமம் உண்டு. வெளிர்நீலத்தை நம்பக் கூடாது, அக்குளில் ஒரு துளி விழுந்தால் ஊருக்கே சொல்லிவிடும். சாம்பல் அதைவிடக் கோள்மூட்டி. வெள்ளை ரகசியம் காக்கும்; ஆனால் முழுக்க நனைந்தால் பனியனில் எத்தனை ஓட்டை என்று கணக்குக் காட்டிவிடும். கருநீலத்தில் ஈரம் தெரியாது. வெயிலில் அதுவே அடுப்பு, காய்ந்தபின் வெள்ளையாக உப்புக் கோடு வேறு. 1930இல் ராஜாஜி உப்பெடுக்க வேதாரண்யம் வரை நடந்தார். முழுக்கையார் கருநீலச் சட்டையோடு கோடம்பாக்கம் தாண்டினாலே எடுத்துவிடுவார்.

பனியன் போடாமல் இருந்தால் காற்றாவது வருமே என்று கேட்டேன். "பனியன்தான் சார் டேம். அது இல்லேன்னா எல்லாம் நேரா சட்டைக்கு வந்துடும்" என்றார். திருப்பூருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

அவருடைய ஆபீஸ் நுங்கம்பாக்கத்தில் அமைந்ததைத் தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும். செய்தியில் சென்னை வெயில் என்று சொல்லும் எண் பெரும்பாலும் இந்தப் பேட்டையில் எடுத்ததே. 2003 மே 31இல், பஞ்சாங்கப்படி கத்திரி விடைபெற்ற பிறகு, இங்கே 45 டிகிரி பதிவானது. அப்போது முழுக்கையார் வேலைக்குச் சேர்ந்த புதிது. "அன்னைக்கும் முழுக்கைதான்" என்பார், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர் சொல்கிற தோரணையில். வானிலை ஆய்வு மையத்தில் வெப்பமானியை எப்படி வைப்பார்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். வெள்ளை பூசிய மரப்பெட்டி, நாலு பக்கமும் சாய்சட்டங்கள், உள்ளே காற்று தாராளமாகப் போய்வரும். வெயிலை அளக்கிற கருவிக்கே அப்படி ஒரு தொளதொளச் சட்டை. அவர் அசையவில்லை. "அது யாரையும் மீட் பண்ண வேண்டியதில்லையே சார்" என்றார்.

அவரோடு வாதாடுவது வீண் என்று தெரிந்தும் வருஷம் ஒருமுறை முயல்வேன். 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்தார் என்று ஐகோர்ட் நீதிபதியையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபை கூடி, அப்படித் தடுத்தால் ஓராண்டு சிறை வரை போகலாம் என்று சட்டம் போட்டது. 2019இல் அரசு ஊழியர்கள் வேட்டியிலேயே வரலாம் என்று அரசாணையும் வந்துவிட்டது. "அது கவர்மென்ட் சார். நாம கார்ப்பரேட்." சரி, அயல்நாட்டுக்குப் போவோம் என்று ஜப்பானை எடுத்தேன். 2005இல் அங்கே அரசாங்கமே கோடையில் டையும் கோட்டும் வேண்டாம், ஏசியை 28இல் வையுங்கள் என்று இயக்கம் நடத்தியது; பிரதமரே டை இல்லாமல் வந்தார். முழுக்கையார் கொஞ்சம் யோசித்தார். "அவங்க ஏற்கெனவே முன்னேறிட்டாங்க சார். அவங்க அவுக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஒருமுறை நானும் அவரும் வேறொரு கம்பெனிக்கு ஒரு கூட்டத்துக்குப் போனோம். எனக்குப் பழைய அரைக்கைக் கட்டம்போட்ட சட்டை, கையில் ஒரு கவர். வாசலில் செக்யூரிட்டி அவருக்கு சல்யூட் அடித்தார். என்னைப் பார்த்து, "டெலிவரியா? பின்பக்கம் சர்வீஸ் லிஃப்ட்" என்றார். முழுக்கையார் என் சார்பில் பேசி என்னை உள்ளே அழைத்துப் போனார். லிஃப்ட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கட்டுப் பொத்தானை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

ஆபீஸுக்குள் வந்துவிட்டால் அவர் கட்சி ஜெயித்துவிடும். ஏசி 18இல் ஓடும். 24இல் வைத்தால் போதுமென்று அரசே சொல்கிறது. 2020இலிருந்து அறை ஏசிகளைத் தொடங்கும்போதே 24இல் இருக்கும்படிதான் விற்க வேண்டும். எங்கள் ஆபீஸ் ரிமோட்டுக்கு அது தெரியாது. வெளியே ரோட்டில் தார் இளகும், உள்ளே அக்கவுன்ட்ஸ் மேடம் காட்டன் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் ஒரு சால்வையும் போர்த்தி, ஊட்டிக்கு வழி தவறி வந்தவர்போல் உட்கார்ந்திருப்பார். 2015இல் இரண்டு டச்சு ஆய்வாளர்கள் ஒன்று எழுதினார்கள்: ஆபீஸ் குளிருக்கான கணக்கு 1960களில் போட்டது, நாற்பது வயது, எழுபது கிலோ ஆணின் உடம்பை வைத்துப் போட்டது என்று. மேடத்திடம் சொன்னேன். முழுக்கையாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த ஆளை எனக்குத் தெரியும்" என்றார்.

டிராயரில் ஒரு டை சுருண்டு கிடக்கும். பெரியவர்கள் வரும் நாளில் மட்டும் படமெடுக்கும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுக்குச் சண்டை போட வந்த குரோஷியப் படைவீரர்கள் கழுத்தில் சுற்றியிருந்த துணிதான் டையின் மூதாதை என்பார்கள். சண்டைக்கு வந்தவனின் கழுத்துத்துணி, சேத்துப்பட்டு சிக்னலில் ஹெல்மெட்டுக்குக் கீழே தொங்கும் என்று யார் கண்டது?

வெள்ளிக்கிழமை எங்களுக்கு 'கேஷுவல்'. வாரத்தில் அவருக்கு ஆகாத நாள் அதுதான். விதியை மீறவும் மனமில்லை. காலர் வைத்த முழுக்கை டி-ஷர்ட் போட்டு, அதையும் 'இன்' பண்ணி, பெல்ட் கட்டி, பொத்தானில்லாத இரண்டு மணிக்கட்டுகளையும் பின்னால் மறைத்துக்கொண்டு நடப்பார். ஆற்றில் குளித்துவிட்டுக் கூச்சத்தோடு கரையேறுகிறவர் நடை அது.

போன மே மாதம் ஒருநாள் பதினொன்றரைக்கு ஏசி நின்றது. எங்களுடையது கண்ணாடிக் கட்டடம். ஜன்னல் என்பது பார்ப்பதற்கு மட்டும். ஒரு மணி வாக்கில் கடற்காற்று வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும், எங்களுக்குத் தெரியாது. மேனேஜர் டையை அவிழ்த்தார், பிறகு மேல்பொத்தான், பிறகு ஷூ. ஒரு ஃபைல் விசிறியாயிற்று. மேடம் ஸ்வெட்டரைக் கழற்றியதைப் பத்து வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தோம். முழுக்கையார் மட்டும் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை கோக்க, கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றே காலுக்கு அவர் கை மணிக்கட்டுக்குப் போனது. பொத்தான் கழன்றது. எங்கள் வரிசையில் பேச்சு நின்றது. அவர் கையை மடித்தார். சுருட்டவில்லை, மடித்தார், ஒவ்வொரு மடிப்பும் பொத்தான் பட்டை அகலத்துக்கு, ஸ்கேல் வைத்தாற்போல். இரண்டு மடிப்போடு நிறுத்திக்கொண்டார்.

"சார், உங்களுக்குக் கை இருக்கா!" என்றார் மேடம்.

இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு நிறம், மேலே வேறொரு நிறம். இருபது வருஷமாக வெயிலைப் பார்க்காத முன்னங்கை. அதில் மணிக்கட்டிலிருந்து வரிவரியாக, சிவந்து, வேர்க்குரு.

யாரும் அதற்கு மேல் சிரிக்கவில்லை. இரண்டு நாற்பதுக்கு ஏசி வந்தது. அவர் கையை இறக்கிவிட்டார். மடித்த கோடு அப்படியே தெரிந்தது. எழுந்து பாத்ரூம் பக்கம் போய்ப் புதிதாகத் திரும்பி வந்தார். அதே நிறம், அதே முழுக்கை. டிராயரில் டைக்கு அடியில் ஒரு மாற்றுச் சட்டை இருந்திருக்கிறது. மறுநாள் மேடம் டிபன் பாக்ஸில் நாலு நுங்கு கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார். "தோலோட தேய்ங்க சார். ரெண்டு நாள்ல போயிடும்." அவர் வாங்கிக்கொண்டார். தேய்த்தாரா, தின்றாரா என்பது தெரியாது.

எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு நான் பால் பாக்கெட்டோடு திரும்பும்போது முழுக்கையார் அங்கே நின்றிருந்தார். லுங்கிதான், ஆனாலும் மேலே முழுக்கைச் சட்டை. வண்டிக்குப் பின்னால் இஸ்திரிக்கார அண்ணன் வெற்றுடம்போடு, தோளில் ஈரத்துண்டோடு, கரிப்பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் மார்பில் வழிந்தது சட்டையில் சொட்டாமல் இருக்க, குனியும்போதெல்லாம் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நாப்பத்திரெண்டாமே சார். டிவில சொன்னான்."

"ஆமாண்ணே."

"அரைக்கை ஏதாச்சும் இருந்தா குடுங்களேன். கை தேய்க்கத்தான் நேரமாவுது. பட்டை வேற ரெண்டு தடவை அழுத்தணும். இந்தச் சூட்டுல..."

முழுக்கையார் உண்மையிலேயே யோசித்தார். பீரோவில் ஒவ்வொரு தட்டாக மனத்துக்குள் திறந்து பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"எங்கிட்ட அரைக்கையே கிடையாதுண்ணே" என்றார் கடைசியில்.

அண்ணன் தலையாட்டிவிட்டு, பெட்டியைத் திறந்து இன்னும் ரெண்டு பிடி கரி அள்ளிப் போட்டார்.