எழுதித் தொலைக்கிறவர்கள்

மும்பை பல்கலைக்கழகத்தை நாம் போதிய அளவு பாராட்டவில்லை. 1857-இல் பிறந்தது. அன்றிலிருந்து பேராசிரியர்கள் விடைத்தாளைக் கையால் தொட்டுத் திருத்தி வந்தார்கள். 2017-இல் அந்த அநாகரிகம் ஒழிந்தது. 17 லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் ஸ்கேனருக்குள் புகுந்து கணினித் திரையில் எழுந்தருளின.

முடிவு கொஞ்சம் தாமதம். ஆளுநர் ஜூலை 31 என்று கெடு வைத்தார். ஞானம் கெடு பார்த்தா வரும்? ஆகஸ்டும் கடந்தது. சில தாள்கள் துறவு பூண்டு காணாமல் போயின. மாட்டுங்கா மாணவர்கள் தேறவும் இல்லை, தோற்கவும் இல்லை. ஆதிசங்கரரே பொறாமைப்படும் அத்வைத நிலை. தாராவிச் சந்தில் "பையன் பாஸாயிட்டானா?" என்று கேட்டால், "சர்வரு டவுனுக்கா" என்று தாய்மார்கள் பெருமையோடு சொன்னார்கள். செம்பூரில் மேற்படிப்பு ஆசைகள் சிக்கனமாக ஒத்திவைக்கப்பட்டன.

இப்படி ஸ்மார்ட்டாகிவிட்ட வளாகத்தின் அடுத்த படி தெளிவு: மாணவர்களை அப்புறப்படுத்துவது. எழுதித் தொலைக்கிறவர்கள் அவர்கள்தானே! அவர்கள் இல்லையென்றால் தகவல் தொகுப்பில் ஒரு பிழையும் இருக்காது.

அந்த ஆண்டு ஒரே ஒரு முடிவு மட்டும் தெள்ளத்தெளிவாக வந்தது. அக்டோபர் 24: துணைவேந்தர் பதவி நீக்கம். அதற்கு ஸ்கேனர் தேவைப்படவில்லை.

இப்போது நாடு முழுக்க மாணவர்களுக்கு 'அபார்' என்று 12 இலக்க அடையாள எண் வருகிறது. இனி யாரும் அநாதையாகத் தொலைய வேண்டியதில்லை, எண்ணோடு தொலையலாம்.