ஹேண்டில் ஆடுதுங்களா?

கே: 80-ஐத் தாண்டினால் ஹேண்டில் ஆடுகிறது. ஸ்டியரிங் டேம்பர் போட்டுவிடலாமா? (சூலூர் வாசகர்)

ப: போடலாம், ஆட்டம் மறையும், காரணம் உள்ளேயே இருக்கும். முதலில் டயர் சூடாகும் முன் காற்று பாருங்கள். அளவு வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது, பஞ்சர் கடைக்காரர் மனசில் இல்லை. அடுத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்'கென்று பள்ளத்தில் உட்கார்ந்தால் கோன் செட் போய்விட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். தட்டினால் கோன் செட் லூஸ். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்து ஆடினால், ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் வீல் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். செயின் அட்ஜஸ்டர் கோடு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா? இத்தனையும் சரியென்றால் டேம்பரைப் பற்றிப் பேசலாம்.

கே: ஆடி மாசம் பல்லடம்–உடுமலை ரோட்டில் காற்று வண்டியைத் தள்ளுகிறதே? (பொங்கலூர் வாசகர்)

ப: காற்றாலைக்காரர்கள் அந்த ஊரைத் தேடி வந்ததே அதற்குத்தானே! மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. அதை மூட முடியாது, உங்கள் டாப் பாக்ஸைக் காலி பண்ணலாம். பின் அச்சுக்குப் பின்னால், உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தை லேசாக்கும். கனமானதைச் சைடு பேக்கின் அடியிலோ டேங்க் பேக்கிலோ வையுங்கள். முட்டியால் டேங்க்கை இறுக்குங்கள், கையைத் தளர்த்துங்கள். லாரியைத் தாண்டும்போது கவனம்: அது மறைத்த காற்று, முன்னால் போனதும் பக்கவாட்டில் மொத்தமாக அறையும்.

கே: ஆட்டம் வந்ததும் பிரேக் பிடிக்கலாமா?

ப: முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். பிடியைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள்.

கே: இடப்பக்கம் திரும்ப இடது ஹேண்டிலை முன்னால் தள்ளணும் என்கிறான் பையன். கிண்டல் பண்றானுங்களா? (கோபி வாசகர்)

ப: இல்லைங்க, நிஜம். விமானம் கண்ட வில்பர் ரைட், அதற்கு முன் சைக்கிள் கடைக்காரர். சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார். செய்கிறவர்களுக்கே தாம் செய்வது தெரியவில்லை. ஹேண்டில் ஒரு நொடி எதிர்ப்பக்கம் போனால்தான் வண்டி சாயும், சாய்ந்தால்தான் திரும்பும். காலி மைதானத்தில் 40-ல் பழகுங்கள். பக்கக் காற்றைச் சமாளிக்கவும் இதே தள்ளல்தான்.

கே: பின் டயரை ஒரு சைஸ் அகலமாகப் போட்டால் ரோட்டை நன்றாகப் பிடிக்குமா?

ப: ரிம் அதே அகலம்தானே? பார்க்கிறவருக்கு கம்பீரம், திருப்புகிறவருக்கு கைவலி.

கே: நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸில் 120 போய்ப் பார்க்கலாமா? (கல்லூரி மாணவர், கோவை)

ப: எதிரே லாரி வருகிற ரோட்டில் என்ன சோதனை, தம்பி? செட்டிபாளையத்தில் கார் பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் பந்தயத் தடமே இருக்கிறது. அனுமதி வாங்கி, ஹெல்மெட் போட்டு, அங்கே போங்கள்.