மேற்குச் சென்னைப் புறநகரில் கொரியப் பாராட்டு: ஒரு திருஷ்டியியல் ஆய்வு

பாராட்டு விஷயத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தார் காட்டும் சிக்கனத்தை அறிஞர் உலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. சாம்பார் அமிர்தமாகவே இருந்தாலும் இங்கே கிடைக்கும் உச்சபட்சச் சான்றிதழ் "இன்னிக்குப் பரவால்ல." குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் வாயே திறக்கக் கூடாது, திறந்தால் கண் பட்டதாகக் கணக்கு. இப்பேர்ப்பட்ட மண்ணில் "யெப்பயோ" (அழகு), "மஷிஸ்ஸயோ" (ருசி) என்று பிள்ளைகள் வாரி இறைப்பது எதனால்?

கொரியம் இப்பக்கம் வந்த வரலாற்றில் முதலாவது ஆலைக்காலம். 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சாண்ட்ரோ வெளிவந்தது. பூந்தமல்லியில் விடியற்காலை கம்பெனி பஸ் ஏறியவர்கள் காதில் முதலில் விழுந்தது பாராட்டாக இருந்திருக்காது, "ப்பல்லி ப்பல்லி" (சீக்கிரம், சீக்கிரம்) ஆகவே இருந்திருக்கும் என்பது இவ்வாய்வாளர் துணிபு. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் ஊர். இந்தப் பல்லிக்குப் பலன் ஓவர்டைம்.

இரண்டாவது கொரிய சீரியல் காலம். முறையாகக் கற்க 2006இல் தொடங்கிய இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் நம் ஆய்வுக்கு உட்பட்டோரின் பல்கலைக்கழகம் ஆவடி லோக்கலும் ஒரு இயர்போனும்தான்.

இலக்கணம் இவர்களைப் படுத்துவதில்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதிவிட்டார். இன்றைய மொழியியலார் அந்த உறவை ஏற்பதில்லை, அம்பத்தூர் ஓ.டி. ஏற்கிறது. அங்கும் வினை கடைசியில், அங்கும் அப்பா அப்பாதான், நாம் "ங்க" ஒட்டுமிடத்தில் அவர்கள் "யோ" ஒட்டுகிறார்கள். வேறென்ன வேண்டும்?

ஆபத்து வேறிடத்தில். "மஷிஸ்ஸயோ" ருசிக்கு, "மொஷிஸ்ஸயோ" கம்பீரத்துக்கு. நாக்கு சற்றே பிசகினால் மீன்குழம்பு கம்பீரமாகவும் புது மாப்பிள்ளை ருசியாகவும் ஆகிவிடுவார்கள். இதைவிட மோசம் முகம். முகம் சின்னதாக இருக்கிறது என்பது கொரியாவில் நல்ல பாராட்டு. இதைத் தமிழாக்கிக் கல்யாண மண்டபத்தில் பெரியம்மாவிடம் சொன்னால் கிடைக்கும் பதில்: "அப்படி யாருடி என்னை என்ன சொல்லிட்டாங்க, மூஞ்சி சிறுத்துப் போறதுக்கு?"

பாராட்டை வாங்கிக்கொள்வதில் மட்டும் இரு நாடும் ஒன்று. அவர்கள் "அனியேயோ" என்று அடியோடு மறுப்பார்கள். நம் வீட்டில் "அட போங்க, புளி தூக்கலாப் போச்சு."

இனி நமது கருதுகோள்: கண் திருஷ்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். ஆகவே கொரியத்தில் பாராட்டினால் சேதமில்லை. இதற்கு வலுவான ஆதாரம் ஆவடியில் ஒரு வீடு. மகள் தினமும் ரசத்தைப் பார்த்து "மஷிஸ்ஸயோ" என்பாள். ஏதோ பாட்டு என்று அம்மா விட்டுவிட்டார். ரசம் ஒருநாளும் கெடவில்லை.

பிறகு யாரோ அவருக்கு அர்த்தத்தைச் சொல்லிவிட்டார்கள். அன்று இரவே உப்பும் மிளகாயும் எடுத்துத் தன் கையையே மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே வரவில்லையாம். அவ்வளவு திருஷ்டி! கருதுகோள் தற்போது திருத்தத்தில் உள்ளது. "யெப்பயோ"வுக்கு எத்தனை மிளகாய் என்பதைத் தனியே ஆராய வேண்டும்.